கறுப்பு உறைக்குள்

"வெளிச்சம் படக்கூடாதும்மா, அதுக்குத்தான் இந்த உறை" என்று சொல்லிவிட்டு லிஜி சிஸ்டர் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டாள். வசந்தாமணியின் கண் மட்டும் கம்பியில் தொங்கிய அந்தக் கறுப்பு உறையை விட்டு நகரவில்லை. தலையணைக்கு உறை மாட்டுகிற மாதிரி மருந்துப் பைக்கு மாட்டியிருந்தார்கள். அடியிலிருந்து வருகிற குழாயும் பழுப்பு நிறம். அது ஒரு மெஷினுக்குள் நுழைந்து வெளியே வந்து, அவளுடைய வலது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் பதித்திருந்த போர்ட் என்கிற சின்ன டப்பியில் போய் முடிந்தது. உள்ளே ஓடுவது சிவப்பா வெள்ளையா, கெட்டியா நீர்த்ததா, ஓடத்தான் செய்கிறதா என்று வெளியே இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. மெஷின் மட்டும் அவ்வப்போது பல்லைக் கடிப்பது போலச் சத்தம் போட்டது. வெளிச்சம் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு மருந்து கெட்டுப்போகும் என்றாள் சிஸ்டர். உடம்புக்குள் போன பிறகு கெடாதா என்றதற்கு, உடம்புக்குள்ள ஏதும்மா வெளிச்சம் என்று சிரித்தாள். சரியான பதில்தான். கேட்டு வாய் மூடுவதற்குள் வந்து விழுந்த சரியான பதில், அதுதான் உறுத்தியது. முதல் தடவை, மார்பில் கட்டியை எடுத்த வருசம், இதே கோயமுத்தூர் ஆஸ்பத்திரியின் இதே மூன்றாம் மாடியில் ஏற்றினார்களே, அது மருந்து. ரோஜாப்பூ சர்பத் மாதிரிச் சிவப்பு. பாதி ஏறும்போதே நாக்கில் பித்தளை டம்ளரை நக்கிய ருசி வரும், வீடு போய்ச் சேர்வதற்குள் வயிறு புரளும், ஒண்ணுக்குப் போனால்கூடச் சிவப்பாகப் போகும். கொத்தமல்லித் தழை வாசனைக்கே குமட்டிக்கொண்டு வந்ததால் அவள் புருசன் குழந்தைவேலு அந்த வருசம் முழுக்க வீட்டுக்குள் கொத்தமல்லிக்கட்டே கொண்டுவரவில்லை. வாயெல்லாம் புண். சீப்பை எடுத்தால் சீப்போடு முடி வந்தது, பிறகு சீப்பே வேண்டியிருக்கவில்லை. அதை மருந்து என்று நம்ப யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, உடம்பே சொல்லிற்று. இது என்ன மருந்து. ஏறுகிறது, ஏறுகிறது, நாக்கில் ஒன்றுமில்லை. காலையில் தின்ற இட்லி வயிற்றில் அப்படியே சமத்தாகக் கிடக்கிறது. தலையைத் தடவினால் முடி, விரலில் ஒன்றுகூட ஒட்டாத முடி, கெட்டியாக, வேரோடு. அந்த முடியைத் தொடும்போதெல்லாம் அவளுக்குப் பயம் வந்தது.

தண்ணீர்தான் ஏற்றுகிறார்கள். இந்த நினைப்பு முதலில் எங்கே வந்தது என்று அவளால் சொல்ல முடியாது, ஆனால் வந்த பிறகு அது போகவில்லை. தண்ணீரைப் பற்றி அவளுக்குத் தெரியும். அன்னூரில் பால் சங்கத்தில் டெஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவள். கேன் மூடியைத் திறந்ததும் ஒரு தரம் பார்ப்பாள், பாலை அல்ல, கொண்டுவந்தவர் முகத்தை. பாலின் கெட்டியைக் காட்டுகிற லாக்டோமீட்டரை முக்குவதெல்லாம் அதற்குப் பிறகு. தண்ணீர் ஊற்றியவர்கள் அன்றைக்கு அவளிடம் நன்றாகப் பேசுவார்கள். காப்பி குடிச்சீங்களா என்பார்கள், பாப்பா பரீச்சை எப்படி எழுதினாள் என்பார்கள். ஒருவர், பெயர் எதற்கு, செத்துப்போய்விட்டார், தண்ணீர் ஊற்றிவிட்டு டிகிரி குறையாமலிருக்கச் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்தார், மீட்டர் சரியாக மிதந்தது, அவர் அவளுடைய மூட்டுவலிக்கு ஒரு எண்ணெய் சொன்னார். எண்ணெயின் பெயரைக் கேட்டுக்கொண்டே அவள் பாலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கனிவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் அன்றையிலிருந்து அவளுக்குக் கை தானாக மீட்டரைத் தேடும். இப்போது எல்லாரும் கனிவாகத்தான் பேசுகிறார்கள். லிஜி சிஸ்டர் ஊசியைச் செருகும்போது "குத்தப் போறேம்மா, சித்தெ பொறுத்துக்கங்க" என்கிறாள், மலையாளத்துப் பெண் யாரிடமோ கற்றுக்கொண்டு நம் ஊர்ப் பேச்சில் சொல்கிறாள், எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும். லிப்டில் ஏற்றிவிடுகிறவன் வணக்கம் வைக்கிறான். இது புது மருந்து, ட்ரையலில் சோதித்துப் பார்க்கிறார்கள். வாய்விட்டுச் சொன்னவர் சம்பந்திதான், மகள் தாரணி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், ட்ரையல்னு சொன்னா ஜாக்கிரதையா இருக்கோணுங்க, சில பேருக்கு வெறுந்தண்ணிய ஏத்திட்டு, மருந்து ஏத்துனவங்களோட வெச்சுப் பாப்பாங்களாமா. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. அதை டாக்டரிடம் கேட்டபோது, அதெல்லாம் வேற மாதிரி ட்ரையல்ம்மா, இதுல சேர்ற எல்லாருக்கும் மருந்துதான் என்றார். எல்லாருக்கும் என்று சொல்லும்போது அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். ஏன் கழற்றினார், எழுதவில்லையே.

டாக்டர் திருஞானம் சின்ன வயசுக்காரர், பெயர்தான் தாத்தா பெயர். கல்லீரலில் திரும்ப வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, பழைய மருந்தை இன்னொரு தரம் தாங்க அவளுடைய இதயத்துக்குச் சக்தியில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் படம் போட்டு விளக்கினார். "கட்டி வளரணும்னா பக்கத்துல இருக்கற நல்ல சதையைக் கரைச்சு இடம் பண்ணிக்கணும்மா. அதுக்காக அது ஒரு நொதியைச் சுரக்குது, என்சைம்னு சொல்வோம். நம்ம மருந்து ஒரு பாலிமர் பொட்டலத்துக்குள்ள இருக்குது. பொட்டலத்தைக் கட்டியிருக்கற நூலு இருக்குது பாருங்க, அது அந்த நொதி பட்டாத்தான் அறுபடும். இதயம், வயிறு, முடிவேரு, அங்கெல்லாம் அந்த நொதி கம்மி. அதனால பொட்டலம் பிரியாம சுத்திட்டு வெளியே போயிரும். கட்டிகிட்ட போனா மட்டும் பிரியும்." பாலிமர் என்ற சொல்லில் பால் இருந்ததால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிளாஸ்டிக்குங்களா என்று குழந்தைவேலு கேட்டார், மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறவர், ஒயருக்கு மேலே இருக்கிற பூச்சைப் பற்றிப் பேசினால் அவருக்குப் புரியும். பிளாஸ்டிக்குக்குத் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கங்க, உடம்புல கரைஞ்சிரும் என்றார் டாக்டர். அவர்கள் இருவரும் பூச்சு, கரைவது, சூடு என்று பேசிக்கொண்டே போக, அவள் அந்தப் படத்திலேயே நின்றுவிட்டாள். கட்டியே அறுக்க வேண்டும். கட்டி தன்னைக் கொல்ல வருகிற பொட்டலத்தைத் தானே பிரித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் புகுந்தவன் போலீசுக்குத் தானே தாழ்ப்பாளைத் திறந்துவிடுவான் என்கிறார்கள், அவன் கையிலிருக்கிற கடப்பாரையாலேயே. அவன் அவ்வளவு முட்டாளா. அவன் ஒரு தடவை கத்தியில் தப்பித்தவன், சிவப்பு மருந்தில் தப்பித்தவன், மார்பிலிருந்து கல்லீரலுக்கு யாருக்கும் தெரியாமல் குடிபெயர்ந்தவன். பொட்டலம் வாசலில் வந்து நின்றால் மோந்து பார்த்துவிட்டுக் கம்மென்று இருந்துகொள்ள மாட்டானா. கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் டாக்டர் சிரிப்பார், அது நினைக்காதும்மா, அதுக்கு மூளை இல்லை என்பார், அதுவும் சரியான பதிலாக இருக்கும். நன்றாக யோசித்தால் இந்தக் கதையே மிக நன்றாக இருந்தது, அதுதான் சங்கடம். முடி கொட்டாது, ஏனென்றால் பொட்டலம் பிரியாது. வாந்தி வராது, ஏனென்றால் பொட்டலம் பிரியாது. ஒன்றுமே நடக்கவில்லையா, அப்படித்தான் இருக்கும். வெறும் தண்ணீரை ஏற்றிவிட்டு ஒன்றுமே நடக்காததற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமாக யாரால் சொல்ல முடியும்.

இந்தச் சந்தேகம் வீட்டில் ஆரம்பித்திருக்க வேண்டும், இங்கே அல்ல. கல்யாணமான நாளிலிருந்து குழந்தைவேலு அவளிடம் முழு வாக்கியமாகப் பேசியதில்லை. தண்ணி. சாவி எங்கே. கொளம்புல உப்பு. பட்டறையிலிருந்து வந்தால் வார்னிஷ் வாசனையோடு உட்கார்ந்து டிவி பார்ப்பார், அவள் ஏதாவது சொன்னால் உம் என்பார், அந்த உம்முக்குள் எத்தனை வகை என்று அவளுக்குத்தான் தெரியும். அந்த மனுசன் இப்போது காலையில் எழுந்து காப்பி போடுகிறார். கொடுமையான காப்பி, டிகாஷன் ஒரு பக்கம் பால் ஒரு பக்கம், அதைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நல்லா ஒறங்குனயா" என்று கேட்கிறார். அவள் போர்வையை மடித்து வைக்கிறார், நான்கு மூலையும் சேர்த்து. ஊசி போடுகிற அன்றைக்குப் பட்டறையைச் சாத்திவிடுகிறார், வாடிக்கைக்காரர்கள் போன் செய்தால் இன்னைக்கு ஆகாதுங்க, வீட்ல ஆஸ்பத்திரிக்குப் போகோணும் என்கிறார், அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது. தாரணி ஓசூரிலிருந்து தினமும் கூப்பிடுகிறாள். அம்மாவும் மகளும் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும், அதுதான் அவர்களுடைய வழக்கம், இப்போது அவள் எதற்கும் சரிம்மா என்கிறாள். போன வாரம் கேட்டாள், அம்மா, அரிசியும்பருப்பும் சாதத்துக்கு நீ என்னென்ன போடுவே, ஒவ்வொண்ணா சொல்லு. இத்தனை வருசமாகத் தட்டில் போட்டதைத் தின்றுவிட்டுக் குறை சொன்னவள். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு சீரகம், தக்காளி ஒண்ணு போதும் என்று இவளும் சொல்லிக்கொண்டே போனாள், எதிர்ப்பக்கம் ஒரே அமைதி, எழுதுகிறாளா என்று நினைத்தாள், பிறகு புரிந்தது, பதிவு பண்ணுகிறாள். குரலை. தக்காளியோடு வசந்தாமணி நிறுத்திவிட்டாள். அடுப்பில் பால் இருக்குது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். உயிரோடு இருக்கப்போகிறவளிடம் யாரும் குரலை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. இதற்கெல்லாம் மேலே, போன தடவை ஊசி போட்டுக்கொண்டு இதே நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே குழந்தைவேலுவும் டாக்டரும் நின்று பேசினார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பேங்க் மேனேஜர் முன்னால் நிற்பது போல. யாரோ கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள், கதவு மூடுவதற்குள் ஒரு துண்டு பேச்சு உள்ளே வந்து விழுந்தது. "அவளுக்குத் தெரிய வேண்டாங்க." அவ்வளவுதான். கதவு மூடிக்கொண்டது. டாக்டர் தலையாட்டினார். குழந்தைவேலு உள்ளே வந்து, இளநி வாங்கியாரட்டுமா என்றார். அவளுக்குத் தெரிய வேண்டாங்க. அன்றிலிருந்து இந்த மூன்று சொல்லையும் அவள் எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டாள். எது தெரிய வேண்டாம். ஒன்றும் பண்ண முடியாது, கடைசிவரை ஏதோ நடக்கிற மாதிரி நடக்கட்டும், ஊசி என்று ஒன்று இருந்தால் அவளுக்கும் மனசுக்குத் தெம்பாக இருக்கும், கறுப்பு உறை ஒன்றைப் போட்டுவிடுங்கள். இதைத் தவிர வேறு என்ன. வேறு என்னவாக இருந்தாலும் மனுசன் அவளிடம் கத்தியிருப்பார்.

"என்னக்கா, ஒறங்காம மேலயே பாத்துட்டு இருக்கீங்க" என்றாள் பக்கத்து நாற்காலி ஜமீலா. மேட்டுப்பாளையத்துக்காரி, தையல் கிளாஸ் எடுக்கிறவள், இவளைவிடப் பத்து வயதாவது சின்னவளாக இருப்பாள். அவளுக்கும் கறுப்பு உறைதான், அதே மருந்து, போன தடவையிலிருந்து ஒரே நாளில் வருகிறார்கள். சொட்டு ஏறுதான்னு பாக்கறேன் என்றாள் வசந்தாமணி. "அது மெஷின் பாத்துக்கும்க்கா. நான் கண்ணை மூடி ரவிக்கை வெட்டிட்டு இருக்கேன் மனசுக்குள்ள, கழுத்து எறக்கி ஒண்ணு, போட் நெக் ஒண்ணு." வசந்தாமணிக்கு அவளைப் பிடித்திருந்தது, பிடித்திருந்ததாலேயே அவளிடம் கேட்டுவிடலாமா என்று தோன்றியது, உனக்கு வாந்தி வருதா, முடி கொட்டுதா, உனக்கும் நாக்குல ஒண்ணுமே தெரியலையா. வாயெடுத்தபோது ஜமீலா நெஞ்சில் கைவைத்தாள். "அக்கா, என்னமோ பண்ணுது" என்றாள், சாதாரணமாகத்தான் சொன்னாள், ஆனால் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போயிற்று, மூச்சை இழுத்தாள், இழுத்த மூச்சு பாதியில் நின்றது. வசந்தாமணி சிஸ்டர் என்று கூப்பிட்டாள், குரல் வரவில்லை, காலால் ஸ்டூலை உதைத்துத் தள்ளினாள், அந்தச் சத்தத்துக்கு லிஜி திரும்பிப் பார்த்து ஓடிவந்தாள். மெஷினை நிறுத்தினார்கள், குழாயை மாற்றினார்கள், மூக்கில் ஆக்சிஜன், வேறு ஏதோ ஊசி, டாக்டர் திருஞானம் அரை ஓட்டமாக வந்து ஜமீலாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒண்ணுமில்லம்மா, மருந்து சிலருக்கு மொதல்ல இப்படி ஒத்துக்காது, இப்பச் சரியாயிரும், மூச்சை மெதுவா விடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திரையை இழுத்தார்கள். திரைக்குக் கீழே செருப்புகள் மட்டும் தெரிந்தன, முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு நின்று. கொஞ்ச நேரத்தில் திரை விலகியபோது ஜமீலா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள், சிவப்பு வடிந்திருந்தது, மார்பு ஒழுங்காக ஏறி இறங்கியது. நல்லாருக்காங்க, கொஞ்சம் தூங்கட்டும், அப்புறம் ரொம்ப மெதுவா மறுபடி ஏத்துவோம் என்றாள் லிஜி, வசந்தாமணி கேட்காமலே. நன்றாக இருக்கட்டும், நன்றாக இருக்க வேண்டும், வசந்தாமணி மனசார அதைத்தான் நினைத்தாள், அதே மனசில் அதற்கு அடியிலேயே இன்னொன்று நெளிந்தது. அவளுக்கு மருந்து. அவளுக்கு ஏற்றியது மருந்துதான், அதனால்தான் உடம்பு உதறியது. எனக்கு ஏன் உதறவில்லை. ஒரே உறை, ஒரே பழுப்புக் குழாய், ஒரே சிஸ்டர், அவள் உடம்பு சொல்கிறது, என் உடம்பு ஊமையாக இருக்கிறது. சின்னவள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவளுக்கு மருந்து. ரிட்டயர் ஆனவளுக்குத் தண்ணீர். மூச்சுக்குத் திணறியவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம் என்று தெரிந்தபோது வசந்தாமணி ஜமீலாவின் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்படியும் ஒரு மனுசியா என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தாள்.

லிஜி முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் ஏதோ ஊசிமருந்தை உடைத்துக்கொண்டிருந்தாள். மற்ற நாற்காலிகளில் இருந்தவர்கள் ஜமீலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வசந்தாமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள், அந்தக் கறுப்பு உறை இப்போது அவள் முகத்துக்கு நேராக இருந்தது. ரெக்சின் மாதிரி வழவழப்பு, அடியில் ஒரு நாடா. அதை மேலே சுருட்டினாள், பாவாடையைச் சுருட்டுகிற மாதிரி, சங்கடமாகக்கூட இருந்தது. உள்ளே பை. பைக்குள்ளே தண்ணீர் போலவும் இருந்தது, தண்ணீர் இல்லாதது போலவும் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் லேசாக ஒரு வெண்மை, பால் கேனைக் கழுவி ஊற்றுகிற கடைசித் தண்ணீரில் இருக்குமே, அந்த வெண்மை. வாழ்நாள் முழுக்கப் பாலுக்குள் தண்ணீரைத் தேடியவள் இப்போது தண்ணீருக்குள் பாலைத் தேடிக்கொண்டு நின்றாள். இருக்கிறது என்று கண் சொல்லிற்று. யாரோ ஒரு சொட்டு எதையோ கலந்திருக்கலாம், கேட்கிறவளுக்குக் காட்டுவதற்காக என்று மனசு சொல்லிற்று. இப்படியே போனால் இதற்கு முடிவு கிடையாது என்று அவளுக்கே தெரிந்தது. சொட்டு இல்லாவிட்டால் தண்ணீர், சொட்டு இருந்தால் ஏமாற்று. ஜமீலாவுக்கு உதறினால் அவளுக்கு மருந்து, உதறாவிட்டால் இரண்டு பேருக்கும் தண்ணீர். எதைக் கொண்டுவந்து காட்டினாலும் அதைத் தண்ணீராக்கிவிடுகிற ஒரு வித்தை தனக்குள் நடந்துகொண்டிருக்கிறது, அதை நிறுத்துகிற கைப்பிடி எங்கே என்று மட்டும் தெரியவில்லை. "என்ன பண்ணிட்டு இருக்கற" என்ற குரல் பின்னால் கேட்டது. குழந்தைவேலு, கையில் இளநீர் ஊற்றிய பாட்டிலோடு. அவள் உறையைக் கீழே இழுத்துவிட்டாள். உட்கார்ந்தாள். அவர் பாட்டிலை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஜமீலாவைப் பார்த்து, என்னாச்சு அந்தப் புள்ளைக்கு என்றார். ஒத்துக்கலையாமா, இப்பப் பரவால்ல என்றாள். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "உனக்கு?" என்றார்.

"எனக்கு என்ன, ஒண்ணும் பண்ணாது" என்றாள். பிறகு அவரைப் பார்க்காமலே கேட்டாள். "அன்னைக்கு டாக்டர்கிட்ட எனக்கு எது தெரிய வேண்டாம்னு சொன்னீங்க."

அவர் உம் என்றார். அது எந்த உம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை, இதுவரை கேட்காத ஒன்று. ஸ்டூலை எடுத்து நேராக வைத்து உட்கார்ந்தார். "கேட்டுட்டயா" என்றார்.

"கதவு திறந்திருந்துச்சு."

"தண்ணியான்னு கேட்டேன்."

"என்னது?"

"உள்ள ஏத்தறது தண்ணிதானுங்களான்னு கேட்டேன்." குரலை இறக்கி, அந்தப் பக்கத்து நாற்காலிகளுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலச் சொன்னார். "மொதோ வாட்டி நீ பட்டதெல்லாம் என்ர கண்ணுக்குள்ளயே நிக்குது. இந்த வாட்டி என்னடான்னா ஊசி போட்டுட்டு வந்து நீ பாட்டுக்குத் துணி மடிச்சுட்டு ஒக்காந்திருக்கற. எனக்கு ஒறக்கமே இல்ல. நம்மள வெச்சு ஏதோ பண்றாங்க, வெறுந்தண்ணிய ஏத்தறாங்கன்னு. போய்க் கேட்டேபுட்டேன். நீ நம்பிக்கையா வந்து ஒக்கார்ற, நான் இப்படி நெனைக்கறது தெரிஞ்சா உனக்கு மனசு விட்டுப்போயிரும். அதுக்குத்தான் அவளுக்குத் தெரிய வேண்டாங்கன்னு சொன்னேன்."

நம்பிக்கையாக. இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்து, ஒரே தட்டுமுட்டுச் சாமான்களோடு புழங்கி, இந்த மனுசன் தன்னை நம்புகிறவள் என்று நினைத்திருக்கிறார். கட்டிலின் இந்தப் பக்கம் அவள் விழித்துக்கொண்டு தண்ணீரை நினைத்தாள், அந்தப் பக்கம் அவர் விழித்துக்கொண்டு அதே தண்ணீரை நினைத்தார், நடுவில் தலையணை. காலையில் அவர் நல்லா ஒறங்குனயா என்று கேட்டார், அவள் உறங்கினேன் என்றாள்.

"அவரு என்ன சொன்னாரு" என்று கேட்டாள்.

"கோவிச்சுக்குவாருன்னு நெனைச்சேன். கோவிச்சுக்கல. ஊசி போட்டு முடிச்சதும் உன்கிட்ட ரத்தம் எடுக்கறாங்கல்ல, அதைப் பரிசோதிச்சு வந்த ரிசல்ட்டைக் காமிச்சாரு, கம்ப்யூட்டர்ல, ஏதோ கோடு கோடா. மருந்து ரத்தத்துல இருக்குதாமா. ஆனா கட்டுனது கட்டுனபடியே சுத்துது, அவுந்து கெடக்கறது நெம்பக் கொஞ்சம், அதனாலதான் முடி கொட்டல, வாந்தி வரலைன்னாரு."

"கோடு எதை வேணாலும் காமிக்கும்."

"ஆமா. நானும் அப்படித்தான் நெனைச்சேன்." அவர் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தார், வார்னிஷ் கறை போகாத கை. "அதனால இன்னொண்ணும் கேட்டேன். சரிங்க, ரத்தத்துல கட்டுனபடியே இருக்குது, கட்டிகிட்டப் போய்ப் பிரியுதுங்களான்னு கேட்டேன்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுடையது.

"தெரியலைன்னாரு."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னுதான் சொன்னாரு. எலிக்குப் பிரிஞ்சுதுங்கன்னாரு. மனுசங்கள்ல சில பேருக்குப் பிரிஞ்சு கட்டி சுருங்கியிருக்குது, சில பேருக்கு அந்தக் கட்டி போதுமான அளவு நொதி சொரக்கல, அவுங்களுக்குப் பிரயோசனப்படல. இவங்களுக்கு எப்படின்னு அடுத்த ஸ்கேன்ல பாத்தாத்தான் உண்டு, இப்ப எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி உங்ககிட்ட சொல்றதுக்கு எனக்கு மனசு வரலைங்கன்னாரு."

வசந்தாமணி அந்தச் சொல்லை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். தெரியாதுங்க. பழக்கத்தில் அதற்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று தேடினாள், அடியில் பார்த்தாள், ஓரத்தில் பார்த்தாள், பிடித்து இழுக்க ஒரு நுனியும் அகப்படவில்லை. ஏமாற்ற நினைக்கிறவர் இதைச் சொல்லமாட்டார். தண்ணீரை ஏற்றுகிறவர் சுருங்கும் என்பார், கட்டாயம் சுருங்கும் என்பார், கவலைப்படாதீங்கம்மா என்று தோளைத் தட்டுவார். அப்படியானால் இது மருந்து. மருந்துதான் ஏறிக்கொண்டிருந்தது, முதல் தடவையிலிருந்து, அவள் தண்ணீர் தண்ணீர் என்று வைதுகொண்டிருந்த நேரமெல்லாம். இந்த நிமிசமும் தோளுக்குக் கீழே அந்தப் பொட்டலங்கள் கூட்டங்கூட்டமாக உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன, இதயத்தைத் தாண்டி, அதைத் தொடாமல், வயிற்றைத் தாண்டி, கல்லீரல் வாசல்வரை. அங்கே போய் என்ன ஆகிறது என்று டாக்டருக்குத் தெரியாது, லிஜிக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பிரியலாம். பிரியாமலும் போகலாம். தண்ணீர் என்று நினைத்திருந்தவரை இந்தப் 'பிரியாமலும் போகலாம்' அவள் பக்கம் வந்ததே இல்லை. தண்ணீராக இருந்தால் எதிர்பார்க்க ஒன்றுமில்லை, ஏமாற்றினவர்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டு கெட்டியாக உட்கார்ந்திருக்கலாம், உட்கார்ந்திருந்தாள். இப்போது யாரும் ஏமாற்றவில்லை. கோபப்பட ஆள் இல்லாமல் போனதும் உடம்பு லேசாக நடுங்க ஆரம்பித்தது, முழங்காலில், பிறகு கையில். மருந்தாலா என்று ஒரு கணம் உற்றுக் கவனித்தாள். மருந்தால் அல்ல.

"குளுருதா" என்றார் குழந்தைவேலு, போர்வையைத் தேடிக்கொண்டே.

"இல்லீங்க." நோய் வந்ததிலிருந்து ஒருவரிடமும் சொல்லாததை அவள் சொன்னாள். "பயமா இருக்குது."

அவர் போர்வையைத் தேடுவதை நிறுத்தினார். ஏதாவது தைரியம் சொல்வார் என்று எதிர்பார்த்து அவள் காத்திருந்தாள். அவர் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார், ஸ்டூலின் கால் தரையில் கிறீச்சிட்டது, ஜமீலா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

"எனக்குந்தான்" என்றார்.